எல்லா அலர்ட்டுக்கும் நீங்களே எந்திரிக்காதீங்க தம்பி

வணக்கம் தம்பி,

உங்க லெட்டர் நீளமா இருந்துச்சு, மத்தவங்களும் படிக்கிறாங்கங்கறதால முதல்ல அத சுருக்கமா சொல்லிடுறேன். வயசு 36, சாஃப்ட்வேர்ல 13 வருஷம். ஒரு பில்லிங் சிஸ்டத்த பாத்துக்கிறீங்க, அத எழுதினவர் வேலைய விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு, இன்னிக்கு அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு முழுசா தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். ஆன்-கால், அதாவது சிஸ்டம் கோளாறானா எந்த நேரமும் போன எடுக்கற பொறுப்பு, அந்த ரொட்டேஷன்ல பேருக்கு மூணு பேர் இருக்காங்க, ஆனா யாரோட வாரமா இருந்தாலும் ராத்திரி போன் கடைசியில உங்களுக்குத்தான் வருது. வாரத்துக்கு 60 மணி நேரம் போயிடுது. மனைவியும் வேலைக்குப் போறாங்க, அஞ்சு வயசுல ஒரு பொண்ணு. மேனேஜர் ஆகுறீங்களான்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. இன்னொரு பக்கம் ஏஐ வந்து நம்ம வேலைய காலி பண்ணிடுமோன்னு பயந்து, வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து கோர்ஸ் பாக்குறீங்க. வேலைய விட்டுடவா, மேனேஜர் ஆகிடவா, இந்த வயசுல புதுசா படிச்சு என்ன ஆகப்போகுது, இதான் உங்க மூணு கேள்வி.

ஆனா இதெல்லாம் எழுதும்போது நடுவுல போற போக்குல ஒண்ணு சொல்லியிருந்தீங்க. "இப்பல்லாம் அவ சண்டை கூட போடறதில்லக்கா, எல்லாத்தையும் அவளே முடிவு பண்ணிடுறா, பாப்பா ஸ்கூல்ல மீட்டிங் நடந்ததே எனக்கு அடுத்த நாள்தான் தெரியும்." நீங்க கேட்ட மூணு கேள்விய விட எனக்கு இதுதான் பெருசா தெரியுது, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

சண்டை நின்னுபோச்சேன்னு நிம்மதி ஆயிடாதீங்க. நம்ம வேலையில ஒரு சர்வீஸ் சில நேரம் பதில் சொல்லுது சில நேரம் சொல்ல மாட்டேங்குதுன்னா என்ன பண்ணுவோம்? முதல்ல ரீட்ரை போடுவோம், திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாப்போம். அப்பவும் சரிவரலைன்னா டைம்அவுட்ட, அதாவது பதிலுக்குக் காத்திருக்கற நேரத்த குறைப்போம். கடைசியா ஒரு சர்க்யூட் பிரேக்கர் போட்டு, அந்த சர்வீஸ கூப்பிடறதையே நிறுத்திட்டு ஃபால்பேக்ல, அதாவது மாற்று ஏற்பாட்டுல ஓட்டுவோம். உங்க மனைவி சண்டை போட்டதெல்லாம் ரீட்ரை தம்பி. அப்ப உங்ககிட்ட இருந்து பதில் வரும்னு அவங்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்துச்சு. இப்ப உங்க வீடு ஃபால்பேக்ல ஓடிட்டு இருக்கு. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, உங்கள நம்பி மீட்டிங்குக்கு நேரம் ஒதுக்கிட்டு, கிளம்புற நேரத்துல நீங்க கஸ்டமர் யூஸ் பண்ற சிஸ்டம் நின்னுடுச்சு, அதாவது புரொடக்‌ஷன் டவுன்னு சொன்னீங்கன்னா அவங்கதான் அவங்க ஆபீஸ்ல பர்மிஷன் கேட்டு ஓடணும், அதுக்கு உங்கள ஆரம்பத்துலயே கணக்குல சேக்காம இருந்தா அவங்களுக்கு ஒரு நாள் ஒழுங்கா போகும். அவங்களுக்கும் டெட்லைன் இருக்கு. உங்க ஆன்-கால்ல பாதிய அவங்கதான் பாக்குறாங்க, அதுக்கு சம்பளமும் கிடையாது, மீட்டிங்ல கைதட்டலும் கிடையாது. நானும் இதே ஆன்-கால் வேலையில இருக்கற பொம்பளைங்கறதால இத ரெண்டு பக்கமும் நின்னு சொல்றேன்.

60 மணி நேரம் அதிகம்தான், இல்லைங்கல. 2021ல உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வாரத்துக்கு 35-40 மணி நேரம் வேலை செய்யறவங்களோட ஒப்பிட்டா 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ செய்யறவங்களுக்கு பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம், இதய நோயில சாகுற அபாயம் 17 சதவீதம் அதிகம்னு அதுல இருக்கு. உடம்புக்கு இந்த கணக்கு போதும். ஆனா வீட்ட உடைக்கிறது மணிக்கணக்கு மட்டும் இல்லன்னு நினைக்கிறேன். நர்ஸ் வேலை பாக்குறவங்க வீட்லயும் ராத்திரி டியூட்டி இருக்கு, ஆனா எந்த ராத்திரின்னு முன்னாடியே தெரியும், அதுக்கேத்த மாதிரி மத்தவங்க ஏற்பாடு பண்ணிக்குவாங்க. நீங்க எப்ப இருப்பீங்க எப்ப இருக்க மாட்டீங்கன்னு யாருக்குமே தெரியல, உங்களுக்கே தெரியல, உங்க வீட்ல இருக்கற கஷ்டம் அதுதான்.

சரி, அது ஏன் தெரியலன்னு பாத்தா, அந்த சிஸ்டம் கம்பெனி பேர்ல இல்ல, உங்க பேர்ல ஓடிட்டு இருக்கு. நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான். வேலைய விடுறதா மேனேஜர் ஆகுறதாங்கறதெல்லாம் அப்புறம், முதல்ல அந்த சிஸ்டத்த உங்க தலையில இருந்து இறக்கி மத்தவங்க கையில குடுங்க. அத செய்யாம எந்த முடிவு எடுத்தாலும் இதே இடத்துலதான் வந்து நிப்பீங்க.

இத கேட்டதும் உள்ளுக்குள்ள ஒரு சின்ன எதிர்ப்பு வரும், வரட்டும். "நீங்க இல்லன்னா அன்னிக்கு என்ன ஆயிருக்கும்னே தெரியல"ன்னு யாராவது சொல்லும்போது மனசு நிறைஞ்சு போகும். வீட்ல யாரும் அப்படி சொல்ல மாட்டாங்க, பாத்திரம் கழுவினதுக்கும் பொண்ண தூங்க வெச்சதுக்கும் யாரும் கைதட்ட மாட்டாங்க, ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஒரு டேட்டாபேஸ எழுப்பி நிறுத்தினா காலைல ஆபீஸ் சாட் சேனல்ல முப்பது பேர் ஹார்ட்டின் போடுவாங்க. எங்க மதிப்பு கிடைக்குதோ அங்க மனசு போகத்தான் செய்யும். அதோட ஒரு பயமும் இருக்கும், எனக்கு மட்டும் தெரிஞ்சத எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா என்னைய எதுக்கு வெச்சிருப்பாங்கன்னு. நான் பாத்த வரைக்கும் நடக்கறது தலைகீழ். ஒரு பழைய சிஸ்டம் தெரியும்ங்கறதுக்காக வெச்சிருக்கற ஆள அந்த சிஸ்டத்த விட்டு எங்கயும் நகத்த மாட்டாங்க, நல்ல புது வேலை வந்தா வேற ஆளுக்குப் போகும், அந்த பழைய சிஸ்டம் போற அன்னிக்கு அவரும் கூடவே போவார். பயப்படணும்னா அதுக்குத்தான் பயப்படணும்.

இப்ப எப்படி இறக்கறதுன்னு பாப்போம். முதல்ல அலர்ட், சிஸ்டத்துல ஏதோ சரியில்லன்னு போனுக்குத் தானா வர்ற எச்சரிக்கை.

போன 30 நாள்ல உங்க போன எழுப்பின அலர்ட் எல்லாத்தையும் ஒரு ஷீட்ல இறக்குங்க. பக்கத்துல ஒரு காலம் போட்டு, அந்த அலர்ட்டுக்கு நீங்க எந்திரிச்சு உண்மையிலேயே ஏதாவது செஞ்சீங்களா, இல்ல பாத்துட்டு திரும்பப் படுத்தீங்களான்னு மட்டும் எழுதுங்க. நீங்களே ஒண்ணு சொல்லியிருந்தீங்க, தினமும் ராத்திரி ரெண்டே முக்காலுக்கு டிஸ்க் 80 சதவீதம்னு அலர்ட் வரும், எந்திரிச்சு லாகின் பண்ணிப் பாக்கறதுக்குள்ள தானா இறங்கிடும்னு. அது பேக்கப் ஜாபா இருக்கும் தம்பி. ஒரு பெரிய டெம்ப் ஃபைல எழுதும், அனுப்பி முடிச்சதும் அழிச்சிடும். 80ங்கற நம்பர என்னிக்கோ யாரோ போட்டது, அது எதையும் சொல்றதில்ல. 80ல ஒரு வருஷமா நிக்கிற டிஸ்க்கால ஒரு ஆபத்தும் கிடையாது, 40ல இருந்து ஒரு மணி நேரத்துல 70க்கு ஏறின டிஸ்க்தான் ஆபத்து. இதே வேகத்துல போனா இன்னும் நாலு மணி நேரத்துல நிறைஞ்சிடுமாங்கறதுதான் கேள்வி, பிராமிதியஸ்ங்கற கண்காணிப்பு டூல்ல இதுக்குன்னே பிரெடிக்ட் லீனியர்னு ஒரு ஃபங்‌ஷன் இருக்கு, நீங்க அதத்தான் யூஸ் பண்றீங்கன்னா ஒரு மத்தியானம் போதும். பேக்கப் ஓடுற நேரத்துல ஏறுற வேகத்த பாத்து அது பதறாம இருக்க, எவ்வளவு நேரத்து டேட்டாவ வெச்சு கணிக்கணும்ங்கறத கொஞ்சம் கூட்டிக்கோங்க, அவ்வளவுதான். பொண்ணு பக்கத்துல படுத்திருக்கும்போது அந்த போன் அடிக்காம இருக்க ஒரு மத்தியானம் செலவு பண்ணலாம்.

அலர்ட்ட குறைக்கறது சோம்பேறித்தனம்னு சிலர் சொல்வாங்க, அவங்களுக்கு நைட் கேப்பிட்டல் கதைய சொல்லுங்க. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி, அமெரிக்காவுல பங்கு வர்த்தகம் பண்ற கம்பெனி. எட்டு சர்வர்ல புது கோட் போடணும், ஒண்ணுல போட விட்டுப்போச்சு, போட்டவர் செஞ்சத ரெண்டாவது ஆள் யாரும் சரி பாக்கல. அந்த ஒரு சர்வர்ல வருஷக்கணக்கா யூஸ் பண்ணாம கிடந்த பழைய கோட் உசுரோட எந்திரிச்சு ஆர்டரா போட்டுத் தள்ளுச்சு, சுமார் 45 நிமிஷத்துல 440 மில்லியன் டாலருக்கு மேல போச்சு. என் மனச உறுத்துறது இதுல வேற ஒரு விஷயம். மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாடியே அவங்க சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருக்கு, அதுல பிரச்சனையோட பேரே இருந்திருக்கு. யாரும் பாக்கல. ஏன்னா அந்த மாதிரி மெயில யாரும் அலர்ட்டா பாத்ததே இல்ல. எல்லாத்துக்கும் சத்தம் போடுற சிஸ்டம் நிஜமா ஆபத்து வரும்போதும் அதே சத்தத்தத்தான் போடும், அத கேக்கறதுக்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

தூக்கத்தையும் சொல்லிடுறேன். 1997லயே டாசன், ரீடுன்னு ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ணிக் காட்டிட்டாங்க, 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கறவனோட கை கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்துல 0.05 சதவீதம் ஆல்கஹால் இருக்கறவனுக்கு எந்த அளவோ அந்த அளவுக்குப் போயிடுதுன்னு. பல நாட்டுல அந்த அளவுக்கு மேல வண்டி ஓட்டினா புடிச்சிடுவாங்க. காலைல ஆறு மணிக்கு எந்திரிச்சவர் ராத்திரி பதினொண்ணுக்கு புரொடக்‌ஷன்ல கமாண்ட் அடிக்கிறார்னா அந்த 17 மணி நேரம் ஆயிடுச்சு. வாரத்துக்கு 60 மணி நேரம் உழைக்கறவர் எழுதின கோட்ல பாதி, அடுத்த வாரம் அவரே சரி பண்ண வேண்டிய கோடா இருக்கும். நான் வேலைய ஆரம்பிச்ச காலத்துல இருந்து ராத்திரி முழுக்க உக்காந்து ரிலீஸ் பண்றத வீரமா பேசிட்டு இருக்காங்க, எனக்கு அது என்னிக்குமே வீரமா தெரிஞ்சதில்ல, பிளான் பண்ணாதவங்களுக்காக வேற யாரோ தூக்கத்த குடுக்குறாங்கன்னுதான் தெரிஞ்சிருக்கு.

அடுத்தது சொல்லிக் குடுக்கறது. டாக்குமெண்ட் எழுதுறேன்னு நீங்க உக்காந்தீங்கன்னா அது வேலைக்கு ஆகாது, உங்களுக்குப் பழகிப்போனது எதுவும் உங்க கண்ணுக்குத் தெரியாது, அத விட்டுட்டுத்தான் எழுதுவீங்க. ஒரு உதாரணம், நீங்க சொன்ன அதே பிரச்சனை. மாசக் கடைசி பில்லிங் ஜாப் நடுவுல செத்துப்போச்சுன்னா ஒரே ஜாப் ரெண்டு தடவ ஓடாம தடுக்கற லாக் டேபிள்ல ஒரு ரோ மாட்டிக்கிட்டு நிக்கும், அத டெலீட் பண்ணிட்டு ஜாப திரும்ப ஓட விடணும், அவ்வளவுதான்னு எழுதியிருந்தீங்க. அவ்வளவு மட்டும் இல்ல தம்பி. டெலீட் பண்றதுக்கு முன்னாடி அந்த ஜாப் நிஜமாவே செத்துடுச்சா, இல்ல எங்கயோ மெதுவா ஓடிட்டு இருக்கான்னு நீங்க பாப்பீங்க, பாக்கறதே உங்களுக்குத் தெரியாது, கை தானா அந்த புராசஸ் லிஸ்ட்டுக்குப் போயிருக்கும். அது ஓடிட்டு இருக்கும்போது ஒரு ஜூனியர் அந்த ரோவ அழிச்சா ரெண்டு ஜாப் ஒரே நேரத்துல ஓடும், கஸ்டமருக்கு ரெண்டு தடவ பணம் கட் ஆகும். நீங்க எழுதுற டாக்குமெண்ட்ல இந்த ஒரு வரிதான் இருக்காது.

அதனால அடுத்த தடவ அது மாட்டும்போது நீங்க கீபோர்ட தொடாதீங்க. டீம்ல இருக்கற மத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஸ்கிரீன் ஷேர் பண்ணட்டும், அவங்க கை, உங்க வாய். அடுத்த தடவ உங்க வாயும் வேண்டாம், கூட இருங்க, டெலீட் மாதிரி திரும்ப எடுக்க முடியாதத செய்யப் போனா மட்டும் நிறுத்துங்க. ரன்புக்க, அதாவது கோளாறு வந்தா என்ன பண்ணணும்ங்கற குறிப்ப, அவங்கதான் எழுதணும், நீங்க ரிவ்யூ பண்ணுங்க. 20 நிமிஷத்துல நீங்க முடிக்கறத அவங்க ரெண்டு மணி நேரம் இழுப்பாங்க, பாத்துட்டு சும்மா இருக்கறது கொடுமையா இருக்கும், அந்த ரெண்டு மணி நேரத்த குடுக்காம யாரும் கத்துக்கிட்டதில்ல. அப்புறம் அந்த லாக்குக்கு ஒரு காலாவதி நேரம் வெச்சு, ஓடுற ஜாப் அத புதுப்பிச்சுக்கிட்டே இருக்கற மாதிரி மாத்திட்டா ஜாப் செத்ததும் லாக் தானா விடுபடும், ராத்திரி போனே வராது. அந்த வேலையையும் அவங்களுக்கே குடுங்க.

மேனேஜர்கிட்ட எப்படிப் பேசறதுன்னு கேட்டிருந்தீங்க. ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, வீட்ல கஷ்டமா இருக்குன்னு ஆரம்பிச்சா அவர் நல்லவரா இருந்தா வருத்தப்படுவார், ரெண்டு நாள் லீவ் எடுத்துக்கோங்கம்பார், திரும்ப வந்தா எல்லாம் அப்படியே இருக்கும். அவர் காதுல ரிஸ்க்கா விழணும். "இந்த சிஸ்டத்துக்கு பஸ் ஃபேக்டர் ஒண்ணு, அதாவது இது தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான், எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தா மாசக் கடைசி பில்லிங் நிக்கும், இந்தாங்க போன மாச அலர்ட் ஷீட், இதுல இத்தனை தேவையே இல்லாதது, மூணு மாசத்துல மத்த ரெண்டு பேரும் தனியா பாக்கற மாதிரி கொண்டு வர்றேன், அதுக்கு என் நேரத்துல வாரத்துக்கு ஒரு நாள் வேணும்." இப்படிக் கேளுங்க. கூகுள்ல சைட் ரிலையபிலிட்டி, அதாவது சிஸ்டம் நிக்காம ஓடுதான்னு பாக்குறவங்க 2016ல அவங்க எப்படி வேலை செய்யறாங்கன்னு புத்தகமாவே போட்டாங்க, அதுல ஒரு இன்சிடென்ட்ட, அதாவது ஒரு கோளாற சரி பண்ணி, காரணம் கண்டுபிடிச்சு, எழுதி முடிக்க சராசரியா ஆறு மணி நேரம் ஆகுது, அதனால 12 மணி நேர ஷிஃப்ட்டுக்கு ரெண்டு இன்சிடென்ட்டுக்கு மேல ஒரு ஆள் தாங்க மாட்டார்னு கணக்கு போட்டிருக்காங்க. ஒரே இடத்துல இருக்கற டீம் 24 மணி நேரமும் பாக்கணும்னா குறைஞ்சது எட்டு பேர் வேணும்ங்கறாங்க. உங்க கம்பெனி கூகுள் இல்ல, எட்டு பேர் குடுக்க மாட்டாங்க. ஆனா மூணு பேர வெச்சு எட்டு பேர் வேலைய வாங்குறோம்ங்கறது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இன்னொண்ணும் கேளுங்க, இந்த சிஸ்டம் எவ்வளவு நேரம் நின்னா பரவாயில்லன்னு. 99.9 சதவீதம் ஓடணும்னு வாக்கு குடுத்திருந்தா 30 நாள்ல சுமார் 43 நிமிஷம் நிக்கலாம், 99.99னா வெறும் 4 நிமிஷம் சொச்சம். ரெண்டாவதுக்கு ஆகுற செலவே வேற, அதுக்கு ராத்திரி ஷிஃப்ட்டுக்குன்னு ஆள் போடணும். நிறைய இடத்துல யாரும் எந்த நம்பரும் சொல்லியிருக்க மாட்டாங்க, சொல்லாததால எஞ்சினியர் அவரா 100ன்னு நினைச்சுக்கிட்டு தூங்காம கிடப்பார். ராத்திரி பன்னெண்டுல இருந்து ஆறு வரைக்கும் ஒருத்தரும் பில் கட்டாத சிஸ்டத்துக்கு காலைல ஏழு மணிக்கு அலர்ட் வந்தா போதும்.

இப்ப உங்க மூணு கேள்வி.

வேலைய விடலாமா? இப்ப வேண்டாம். நீங்க எப்படிப்பட்டவர்னு லெட்டர்லயே தெரியுது, புது இடத்துக்குப் போனாலும் ஆறு மாசத்துல யாரும் தொடாத ஒரு பழைய கோட தேடிப் புடிச்சு உங்க தலையில வெச்சுக்குவீங்க, வருஷம் முடியறதுக்குள்ள அங்கயும் ராத்திரி போன் உங்களுக்குத்தான் வரும். மேல சொன்னதெல்லாம் இங்க செஞ்சு பழகிட்டுப் போனா எங்க போனாலும் உங்களுக்குக் கை குடுக்கும். அந்த மூணு மாசத்துல நேரமும் குடுக்கல, ஆளும் குடுக்கல, ஒரு ஆள உறிஞ்சி எடுக்கறது அவங்களுக்கு மலிவா இருக்குன்னு தெரிஞ்சா அப்ப கிளம்புங்க, நான் தடுக்க மாட்டேன். சில இடங்கள் அப்படித்தான் இருக்கு, அந்த மாதிரி இடத்த உங்களால திருத்த முடியாது, திருத்தறது உங்க வேலையும் இல்ல.

மேனேஜர் ஆகலாமா? இந்த நிலைமையில ஒத்துக்கிட்டீங்கன்னா பகல் முழுக்க மீட்டிங், ராத்திரி முழுக்க அதே பழைய கோட், ரெண்டு வேலைக்கு ஒரு சம்பளம். உங்க சிஸ்டம் வேற கைக்குப் போனப்புறம் யோசிங்க. அப்பவும் ஒண்ணு பாத்துக்கோங்க. ஜூனியர் தடுமாறும்போது கீபோர்ட புடுங்காம இருக்க முடியுதா, அவர் சரி பண்ணி முடிச்சதும் நீங்களே சரி பண்ணின மாதிரி சந்தோஷம் வருதா? வந்துச்சுன்னா நல்ல மேனேஜரா இருப்பீங்க. வரலைன்னா தப்பு ஒண்ணும் இல்ல, சீனியர் எஞ்சினியராவே மேல போற வழி இப்ப நிறைய கம்பெனியில இருக்கு. சம்பளத்துக்காக மட்டும் மேனேஜர் ஆகாதீங்க, அந்த வருத்தத்த உங்க டீம்தான் அனுபவிக்கும்.

ஏஐ. ராத்திரி கோர்ஸ் பாக்கறத இன்னியோட நிறுத்துங்க. அந்த டூல்ஸ கத்துக்க வேண்டாம்னு சொல்லல, வேலை நேரத்துல வேலையிலேயே கத்துக்கோங்க, ஒரு டெஸ்ட் எழுத, ஒரு பழைய ஃபைல் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுக்க தினமும் யூஸ் பண்ணுங்க, அதுல வர்ற பழக்கம் எந்த கோர்ஸ்லயும் வராது. பயம் இருக்கறது எனக்குப் புரியுது, கோட் அடிக்கிற வேகத்துக்கு இனிமே பெரிய விலை இருக்காதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா வேகம்ங்கறதே நம்ம உணர்ச்சிய நம்பி சொல்ற விஷயம் இல்ல. 2025ல மெட்ர்னு ஒரு ஆராய்ச்சி அமைப்பு, பழகின ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர் 16 பேர வெச்சு அளந்து பாத்தாங்க. ஏஐ யூஸ் பண்ணினதால 20 சதவீதம் சீக்கிரம் முடிச்சோம்னு அவங்க நம்பினாங்க, கடிகாரத்துல பாத்தா 19 சதவீதம் லேட். 16 பேர்தான், அதுக்கப்புறம் டூல்ஸும் மாறிக்கிட்டே இருக்கு, அதனால ஏஐ உதவாதுன்னு இத வெச்சு சொல்ல மாட்டேன். நாம வேகமா போறோம்னு தோணறதுக்கும் நிஜமா போறதுக்கும் நடுவுல அவ்வளவு தூரம் இருக்க முடியும்ங்கறதுதான் எனக்கு முக்கியமா பட்டுச்சு, ராத்திரி ஒரு மணிக்கு கோர்ஸ் முடிச்சதும் வர்ற திருப்திக்கும் அது பொருந்தும். அந்த லாக் ரோவ அழிக்கறதுக்கு முன்னாடி எத பாக்கணும்னு உங்களுக்குத் தெரிஞ்சுதே, கஸ்டமருக்கு ரெண்டு தடவ பணம் போனா என்ன ஆகும்னு தெரிஞ்சுதே, அந்த அறிவுக்கு இன்னும் ரொம்ப நாள் மதிப்பு இருக்கும். 36 ஒரு வயசே இல்ல தம்பி.

இனி வீடு. உடம்பு சோபாவுல இருக்கு, மனசு அந்த முடியாத பக்லயே இருக்குன்னு எழுதியிருந்தீங்க. சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல இதப் பத்தி எழுதினாங்க, ஒரு வேலைய பாதியில விட்டுட்டு இன்னொண்ணுக்குப் போனா கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலேயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு. அப்புறம் 2018ல இன்னொருத்தரோட சேந்து பண்ணின ஆய்வுல, விடுறதுக்கு முன்னாடி எங்க நிறுத்தினோம், திரும்ப வந்ததும் முதல்ல என்ன செய்யணும்னு ஒரு நிமிஷம் எழுதி வெச்சா அந்த ஒட்டுதல் குறையுதுன்னு காட்டினாங்க. நான் லேப்டாப் மூடறதுக்கு முன்னாடி இத செய்வேன், ரெண்டு வரிதான், "கனெக்‌ஷன் பூல் சந்தேகம், நாளைக்கு முதல்ல ஸ்லோ கொயரி லாக் பாக்கணும்"ங்கற அளவுக்கு. பக் மறந்துடும்னு பயந்துதான் மனசு அத புடிச்சுக்கிட்டு இருக்கு, எழுதி வெச்சுட்டா விட்டுடும்.

ஆன்-கால் வாரம் எது எதுன்னு மூணு மாசத்துக்கு ரெண்டு பேர் காலண்டர்லயும் போடுங்க. எங்க வீட்ல அப்படித்தான், என் ஆன்-கால் வாரத்துல பசங்க ஸ்கூல் வேலை, வெளி வேலை எல்லாம் அவர் பொறுப்பு, என்னைய எதிர்பாக்கவே மாட்டார். அடுத்த வாரம் அதெல்லாம் என் பொறுப்பு, அதுல ஆபீஸ் குறுக்க வரக்கூடாது. ஆன்-கால் இல்லாத வாரத்துல ராத்திரி போன் வந்தா எடுக்காதீங்க, யார் வாரமோ அவங்களுக்குப் போகட்டும். நீங்க எடுக்கற வரைக்கும் உங்களுக்குத்தான் வரும். முதல் தடவ எடுக்காம இருக்கும்போது கை நடுங்கும், சிஸ்டம் கொஞ்ச நேரம் கூட நிக்கலாம், நின்னா அடுத்த நாள் என்ன ஆச்சு, ஏன் ஆச்சுன்னு போஸ்ட்மார்ட்டம் எழுதி அதுல இருந்து கத்துக்கறது டீமோட வேலை.

மனைவிகிட்ட பெருசா எதுவும் வாக்கு குடுக்காதீங்க. இனிமே நான் மாறிட்டேன்னு உக்காந்து பேசறது வேண்டாம், அந்தப் பேச்ச அவங்க ஏற்கனவே கேட்டிருப்பாங்க. கூப்பிடறத நிறுத்தின சர்க்யூட் பிரேக்கர் எப்படித் திரும்பக் கூப்பிட ஆரம்பிக்கும்னு உங்களுக்குத் தெரியும், சின்னதா ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பிப் பாக்கும், பதில் ஒழுங்கா வந்தா இன்னொண்ணு அனுப்பும். ஒரே ஒரு வேலைய எடுங்க, செவ்வாய்க்கிழமையும் வியாழக்கிழமையும் பாப்பாவ ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன்னு. முழுசா எடுங்க, பை எங்க இருக்கு, எத்தனை மணிக்குப் போகணும்னு அவங்ககிட்ட கேட்டுக் கேட்டு செய்யறதா இருந்தா அவங்க தலையில இருக்கற பாரம் அப்படியேதான் இருக்கும். ரெண்டு மூணு வாரத்துக்கு அவங்க ஒரு மாற்று ஏற்பாடு வெச்சுக்கிட்டேதான் இருப்பாங்க, அத பாத்து கோவப்படாதீங்க. ஸ்கூல் மீட்டிங் விஷயத்த மட்டும் வாய் விட்டு சொல்லுங்க, எனக்குத் தெரியாம போனது எனக்கு வலிச்சுது, அடுத்ததுக்கு நான் போறேன்னு. அவங்க அதுக்கு என்ன பதில் சொன்னாலும் கேட்டுக்கோங்க, நடுவுல விளக்கம் சொல்லாதீங்க.

கடைசியா லெட்டர் முடிவுல ஒரு வாரம் லீவ் எடுத்தா எல்லாம் இடிஞ்சிடும்னு எழுதியிருந்தீங்களே, அதனாலதான் எடுக்கணும். நெட்ஃபிளிக்ஸ்ல கேயாஸ் மங்கின்னு ஒண்ணு வெச்சிருக்காங்க, எல்லாரும் சீட்ல இருக்கற வேலை நேரத்துல அதுவா ஏதாவது ஒரு சர்வர நிறுத்திப் போடும், ஒண்ணு போனா மத்தது தாங்குதான்னு பாக்க. உங்க லீவும் அந்த வேலையத்தான் செய்யப் போகுது. மாசக் கடைசிய விட்டுட்டு, மாச நடுவுல ஒரு வாரம் போடுங்க, மூணு வாரத்துக்கு முன்னாடியே டீம்ல சொல்லுங்க, நான் போனா எதெல்லாம் நிக்கும்னு அவங்களையே ஒரு லிஸ்ட் போடச் சொல்லுங்க, அந்த லிஸ்ட்தான் நீங்க சொல்லிக் குடுக்க வேண்டியது. லேப்டாப்ப ஆபீஸ் லாக்கர்ல வெச்சுட்டுப் போங்க. உயிர் போற அவசரம்னா கூப்பிட ஒரே ஒரு நம்பர், அது மேனேஜர் கையில மட்டும், வேற யாருக்கும் வேண்டாம்.

வீட்ல தேதிய இப்பவே சொல்லிடாதீங்க. லீவ் அப்ரூவ் ஆகி, அந்த வாரத்துக்கு ஆன்-கால் யார்ங்கறது எழுத்துல வந்தப்புறம் சொல்லுங்க.